காவேரிப்பாக்கம் ஏரியில் எடுத்த ஒரு படம்: இந்த மூன்று வெள்ளைக் கொக்குகளும் எவை?

கழிஞ்சூரான் (காட்பாடி)

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகக் காணும் பொங்கலன்று காலை காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போயிருந்தேன். ஏரி நன்றாக நிறைந்திருந்தாலும், கரையோரம் ஒரு திட்டு மட்டும் சேறாகக் கிடந்தது. அந்தச் சேற்றிலும் அதை ஒட்டிய தண்ணீரிலுமாக மூன்று வெள்ளைக் கொக்குகளும் ஒரு மடையானும் (குளக்கொக்கு) ஒரே சட்டகத்துக்குள் வாய்த்தன. நேரம் ஏழே கால். வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. லென்ஸ் 300 மி.மீ.; கேமரா என் மைத்துனருடையது.

கைப்பேசியில் படம் சரியாகத் திறக்காதவர்களுக்காக எழுதியும் விடுகிறேன். இடப்பக்கம் நிற்கும் பறவைக்கு மஞ்சள் அலகு, கறுத்த கால்கள், நிமிர்ந்த கழுத்து. அதன் காலடியில்தான் மடையான் குந்தியிருக்கிறது. நடுவில் நிற்பதற்கு அலகு கறுப்பு. கால்கள் முழங்கால் வரை சேற்றுக்குள் இருக்கின்றன. வலப்பக்கம், ஏறத்தாழ முப்பது அடி பின்னால், தண்ணீருக்குள் நிற்பது மூன்றாவது. அதற்கும் மஞ்சள் அலகு, ஆனால் ஃபோகஸ் அதன்மேல் இல்லை. பேச வசதியாக இவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்றே சொல்லலாம்.

ஒன்றைப் பெரிய கொக்கு என்றும், இரண்டைச் சின்னக் கொக்கு என்றும், மூன்றை உண்ணிக்கொக்கு என்றும் பட்டியலில் ஏற்றினேன். பட்டியல்களைச் சரிபார்க்கும் நண்பர் “இதில் ஏதோ ஒன்று தவறு, மறுபடி பாருங்கள்” என்று மட்டும் எழுதியிருக்கிறார். எது தவறு என்று சொல்லவில்லை. இரண்டு நாளாகப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

பாலாற்றங்கரை (வேலூர்)

மூன்றும் சரியாகத்தானே இருக்கின்றன? மஞ்சள் அலகும் உயரமும் இருந்தால் பெரிய கொக்கு, கறுப்பு அலகு இருந்தால் சின்னக் கொக்கு, மஞ்சள் அலகோடு சிறியதாக இருந்தால் உண்ணிக்கொக்கு. கோட்டை அகழியில் இருபது ஆண்டுகளாக இப்படித்தான் பார்த்து வருகிறேன். சரிபார்ப்பவர்களுக்கும் சில நேரம் கண் தவறும்.

மதகடி (வாலாஜா)

நண்பரே, சற்றுப் பொறுங்கள். அகழியில் நீங்கள் பார்த்தவற்றில் எத்தனை நடுத்தரக் கொக்குகள் பெரிய கொக்கு என்ற பெயரில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இவ்வாறு சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானும் பத்து ஆண்டுகள் அதையே செய்தவன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஏரிகளில் பெரிய கொக்கு, நடுத்தரக் கொக்கு, சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு என்று நான்கு வெள்ளைக் கொக்குகள் இருக்கின்றன. நடுத்தரக் கொக்கைச் சிலர் ‘வெள்ளைக் கொக்கு’ என்றே எழுதுகிறார்கள். நான்குமே வெள்ளையாக இருக்கும்போது அந்தப் பெயரால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு விளங்கியதே இல்லை. கடற்கரையில் காணும் கரைக்கொக்குக்கும் வெள்ளை வடிவம் உண்டு. இத்தனை உள்நாட்டில் அதை இப்போதைக்கு இழுக்க வேண்டாம்.

அலகின் நிறத்தை வைத்துக் கொக்குக்குப் பெயர் சொல்வது, சட்டையின் நிறத்தை வைத்து ஆளுக்குப் பெயர் சொல்வதற்குச் சமம். பெரிய கொக்கின் அலகு ஆண்டில் பல மாதங்கள் மஞ்சளாக இருந்து, இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். நம் பகுதியில் நடுத்தரக் கொக்கின் அலகும் அவ்வாறே கறுக்கும். மஞ்சளாக இருக்கும் காலத்தில் நுனியில் மட்டும் கறுப்புத் தொட்டு வைத்தாற்போல இருப்பதுண்டு. ஆண்டு முழுவதும் கறுப்பு அலகோடு இருப்பது சின்னக் கொக்கு ஒன்றுதான். அதிலும் இளம் பறவைகளுக்கு அலகு அவ்வளவு கறுப்பாக இருப்பதில்லை. ஆகவே மஞ்சள் அலகு மூன்று இனங்களில் எதுவாகவும் இருக்கலாம், கறுப்பு அலகும் மூன்று இனங்களில் எதுவாகவும் இருக்கலாம்.

மாறாத அடையாளம் ஒன்று உண்டு. அது கடைவாய்க் கோடு. அலகின் இரு பாதிகளும் சேருமிடத்திலிருந்து முகத்துக்குள் பின்னோக்கி ஓடும் மெல்லிய கோட்டைச் சொல்கிறேன். பெரிய கொக்குக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போய் முடியும். அதனால்தான் அதன் முகம் காதுவரை கிழிந்த வாயோடு முறைப்பதைப் போலத் தோன்றுகிறது. நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்கு நேர்கீழேயே நின்றுவிடும். அதோடு, பெரியதன் அலகு தலையைவிட நன்றாக நீண்டு ஈட்டி போலவும், நடுத்தரத்தின் அலகு ஏறத்தாழத் தலையளவே இருந்து சற்றுத் தடித்தும் இருக்கும். பெரியதன் உச்சந்தலை தட்டையானது, நடுத்தரத்துக்கு உருண்டையானது.

ஒன்றாம் பறவையின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு சதுரங்களும், அலகு இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் பூச்சும்தான் தெரிகின்றன. இது மூலக் கோப்பா, வாட்ஸ்அப் வழியாக வந்து இறங்கியதா?

கழிஞ்சூரான்

ஐயா, வாட்ஸ்அப் வழியாக வந்ததுதான். மைத்துனர் எனக்கு அனுப்பினார், நான் அதையே இங்கே ஏற்றினேன். மூலம் கேமராவின் மெமரி கார்டில் இருக்கிறது. அவர் ஆம்பூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்துவிடுகிறேன். மொத்தம் 14 படங்கள் எடுத்ததாக நினைவு.

தாழைக்கோழி (ராணிப்பேட்டை)

வணக்கம். நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மூலக் கோப்பு வரும்வரை இருப்பதை வைத்து ஒன்று முயன்றேன்.

மடையானின் நீளம் 42 முதல் 45 செ.மீ. என்றும், சின்னக் கொக்கு 55 முதல் 65 என்றும், நடுத்தரக் கொக்கு 65 முதல் 72 என்றும், பெரிய கொக்கு 80 முதல் 104 வரை என்றும் கையேடுகள் தருகின்றன. திரையில் அளவுகோலை வைத்து அளந்ததில், ஒன்றாம் பறவை மடையானைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் உயரமாக இருக்கிறது. அந்தக் கணக்கில் அது 90 செ.மீ. தாண்டிவிடுகிறது, ஆகவே அது பெரிய கொக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதகடி

தாழைக்கோழி அம்மா, அளக்க முற்பட்டதே நல்ல பழக்கம். ஆனால் இந்த அளவு நம்மை ஏமாற்றும். கையேட்டில் உள்ள நீளம் என்பது, பறவையை மல்லாக்கக் கிடத்தி, கழுத்தை நீட்டி, அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை எடுப்பது. அதில் கால் சேராது. நிற்கும் பறவையின் உயரத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மேலும் மடையான் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உருண்டையாகக் குந்தியிருக்கிறது. பக்கத்தில் இருப்பதோ கழுத்தை முழுவதும் நீட்டியிருக்கிறது. குந்தியிருக்கும் கிழவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் பள்ளிக்கூடப் பையனும் உயரமாகத்தான் தெரிவான்.

இரண்டு பறவைகளை ஒப்பிடும்போது தூரமும் தோரணையும் குறுக்கே வரும். ஒரே பறவையின் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தூரத்தின் தொல்லை போய்விடும். அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். பறவை முற்றிலும் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முகம் நம்மை நோக்கிச் சற்றுத் திரும்பியிருந்தாலும் அலகு குட்டையாகிவிடும்.

கழுத்தையும் பாருங்கள். கொக்கு, நாரை வகைகளில் கழுத்தெலும்புகளில் ஆறாவது மட்டும் நீண்டிருப்பதால்தான் அந்த ‘எஸ்’ வளைவு வருகிறது. பெரிய கொக்கின் கழுத்தில் அந்த இடம் முறித்து ஒட்டவைத்தாற்போலக் கூர்மையாக மடங்கித் தெரியும். நடுத்தரக் கொக்கின் கழுத்து அவ்வளவு முறிந்து தெரியாது.

தாழைக்கோழி

நன்றி ஐயா. நான் காலையும் சேர்த்து அளந்துவிட்டேன் என்பது இப்போது புரிகிறது. கால் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சிறு திருத்தம்: நடுவில் இருக்கும் பறவையின் ‘முழங்கால்’ வரை சேறு என்று முதல் பதிவில் இருக்கிறது. நாம் பறவையின் முழங்கால் என்று நினைக்கும் அந்த மடிப்பு உண்மையில் கணுக்கால். முழங்கால் உடலை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். ஆகவே அந்தப் பறவையின் பாதம் முழுவதும் சேற்றுக்குள் இருக்கிறது. கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் என்பதுதானே சின்னக் கொக்கின் முதல் அடையாளம்? அதுவே இந்தப் படத்தில் இல்லை.

பாலாற்றங்கரை

பாதம் தெரியாவிட்டால் என்ன? ஜனவரி மாதம் குளிர்காலம். குளிர்காலத்தில் பெரியதற்கும் நடுத்தரத்துக்கும் அலகு மஞ்சளாக இருக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் படம் போட்டிருக்கிறது. அப்படியானால் ஜனவரியில் கறுப்பு அலகோடு நிற்பது சின்னக் கொக்கைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்?

பொன்னையாறு (திருவலம்)

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. இதே தவற்றை நான் செய்து, ஒரு முழுக் கூட்டத்தையே தவறாக எண்ணியிருக்கிறேன்.

நம்மிடம் இருக்கும் பெரும்பாலான கையேடுகளில் ‘குளிர்கால உடை’, ‘கோடைக்கால உடை’ என்று இரண்டு படங்கள் போட்டிருப்பார்கள். அந்தச் சொற்கள் வேறு நாட்டு வானிலைக்கு எழுதப்பட்டவை. வட இந்தியாவில் கொக்குகள் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரை கூடு கட்டுகின்றன. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஏரி நிறைந்து மீன் பெருகும் நேரம் பார்த்துத்தான் நம் கொக்குகள் கூடு கட்டுகின்றன. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அவற்றுக்கு இனப்பெருக்கக் காலம். வேடந்தாங்கலுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போகும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஆகவே ஜனவரி நமக்குக் குளிர்காலமாக இருக்கலாம். கொக்குக்கு அது கல்யாணக் காலம். அந்த மாதத்தில் கறுப்பு அலகு வைத்திருப்பது சின்னக் கொக்கு மட்டும் என்று சொல்லவே முடியாது.

இனப்பெருக்கக் காலத்தில் தூவிகளை, அதாவது அப்போது முளைக்கும் மெல்லிய அலங்கார இறகுகளைப் பார்ப்பது நல்லது. பெரிய கொக்குக்கு முதுகில் மட்டும் நீண்ட தூவிகள் தொங்கும். நடுத்தரக் கொக்குக்கு முதுகிலும் மார்பிலும் இருக்கும். சின்னக் கொக்குக்கு முதுகு, மார்பு இரண்டோடு பிடரியிலும் நாடா போன்ற இரண்டு தூவிகள் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போவதால் மறக்காது. பறவை பெரியதாக ஆக இடங்கள் குறையும். (ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்காக உலகெங்கும் கொக்குகளைச் சுட்டுத் தள்ளியது இந்தத் தூவிகளுக்காகத்தான், இறகு ஏற்றுமதியை இந்தியாவில் 1902இல் தடை செய்தார்கள்.)

நடுவில் இருக்கும் பறவையின் மார்பில் ஏதோ நூல் நூலாகத் தொங்குவதாக எனக்குத் தெரிகிறது. பிடரியில் ஒன்றும் தெரியவில்லை. மூலப் படம் வந்தால் அதை முதலில் பாருங்கள்.

மதகடி

நான் சொல்ல இருந்ததைப் பொன்னையாறு அம்மா என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். மார்புத் தூவி இருந்து, பிடரித் தூவி இல்லாவிட்டால், இரண்டாம் பறவை இனப்பெருக்கக் கோலத்தில் இருக்கும் நடுத்தரக் கொக்கு. இப்போதைக்கு என் வாக்கு அதற்குத்தான்.

கழிஞ்சூரான்

ஆம்பூர் போய் வந்தேன். 14 அல்ல, 11 படங்கள்தான் இருந்தன. முதலில் நான் ஏற்றியது அவற்றில் ஐந்தாவது. ஒவ்வொரு முகத்தையும் வெட்டிப் பெரிதாக்கி இங்கே இணைத்திருக்கிறேன்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். சேறு கறுப்பு, பறவை வெள்ளை. கேமரா சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. முதல் நான்கு படங்களில் கொக்குகள் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கின்றன. இறகு ஒன்றும் பிரியவில்லை. ஐந்தாவதிலிருந்து எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்திருக்கிறேன், அதனால் அவை பரவாயில்லை.

ஒன்றாம் பறவையின் முகம் ஆறாவது படத்தில் சரியாகப் பக்கவாட்டில் இருக்கிறது. அலகு மஞ்சள், நுனியில் மிளகளவு கறுப்பு. மஞ்சள் தோல் கண்ணுக்கு முன்னால் வருகிறது. கடைவாய்க் கோடு கண்ணின் நடுவுக்கு நேர்கீழே வந்து நின்றுவிடுகிறது. எத்தனை முறை பெரிதாக்கியும் கண்ணைத் தாண்டவில்லை. அலகை அளந்தால் தலையின் நீளத்தைவிட மயிரிழைதான் கூடுதல்.

தாழைக்கோழி

உச்சந்தலையும் உருண்டையாக இருக்கிறது. என் 90 செ.மீ. கணக்கைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்று, நடுத்தரக் கொக்கு.

பாலாற்றங்கரை

ஒன்றாவது பற்றி எனக்கும் இப்போது மறுப்பில்லை. ஒரு கேள்வி: அது நடுத்தரக் கொக்கு என்றால், இரண்டாவதும் அதே இனம் என்றால், ஒன்றுக்கு மஞ்சள் அலகும் மற்றதற்குக் கறுப்பு அலகும் ஒரே நாளில் எப்படி இருக்கும்?

பொன்னையாறு

இருக்கும். எல்லாப் பறவைகளும் ஒரே நாளில் கோலம் மாறுவதில்லை. முந்தி ஜோடி சேர்ந்தது, பிந்திச் சேர்ந்தது, இந்த ஆண்டு கூடே கட்டாத இளம் பறவை என்று எல்லாம் ஒரே ஏரியில் மேயும். பாதி மஞ்சளும் பாதி கறுப்புமாக அலகு வைத்திருப்பவற்றைப் பொன்னை ஆற்றுப் பக்கம் பார்த்திருக்கிறேன். ஆகவே அது ஒரு தடையல்ல.

சேடைவயல் (சோளிங்கர்)

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். நான் பறவை பார்ப்பவன் அல்லன், நெல் போடுகிறவன். என் மகள் இந்த இழையைக் காட்டியதால் படித்து வருகிறேன். கடைவாய், தூவி என்று நீங்கள் எழுதுவது எனக்குப் புதிது. ஆனால் சேடை ஓட்டும்போது (நடவுக்கு முன் வயலைச் சேறாக உழும்போது) நாள் முழுவதும் கொக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறேன் என்பதால் ஒன்று கேட்கிறேன்: அந்தக் கறுப்பு மூக்குக் கொக்கு என்ன செய்துகொண்டிருந்தது?

எங்கள் வயலில் வருவனவற்றில் ஒன்று, ஒரு காலை முன்னால் வைத்துச் சேற்றை நடுக்கம் வந்தவர் போல உதறிக் கலக்கும். கலங்கியதும் வெளியே துள்ளுவதைக் கொத்தும். அதற்கு ஓரிடத்தில் நிற்கப் பொறுமை கிடையாது. இறக்கையைப் பாதி விரித்து இங்கும் அங்கும் ஓடும். இன்னொன்று அதற்கு நேர்மாறு. வரப்பு ஓரம் நின்றால் நின்றதுதான், ட்ராக்டர் பக்கத்தில் வரும்வரை அசையாது. எது எந்தப் பெயர் என்று நீங்கள் சொல்லுங்கள்.

கழிஞ்சூரான்

சேடைவயல் ஐயா கேட்டதும் நினைவு வந்தது. அந்தப் பறவை காலை உதறிக்கொண்டேதான் இருந்தது; ஐந்தாவது படத்தில் அதன் இடக்காலைச் சுற்றித் தண்ணீர் வளையம் வளையமாக இருப்பது அதனால்தான். ஏதோ காலில் சிக்கிக்கொண்டது, எடுக்கப் பார்க்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

உடனே மற்றப் படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். ஒன்பதாவது படத்தில் அது காலைத் தூக்கியிருக்கிறது. பாதம் முழுவதும் கருஞ்சேறு அப்பியிருக்கிறது. கறுப்புப் பாதம் என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் நடுவிரலின் மேற்புறத்தில், சேறு வழிந்துபோன ஒரு விரற்கடை இடத்தில், எலுமிச்சை மஞ்சள் தெரிகிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி இணைத்திருக்கிறேன். இன்னொன்றும் கண்டேன்: அதே படத்தில் காற்று பின்னாலிருந்து வீசியதில், பிடரியை ஒட்டிப் படிந்திருந்த இரண்டு நூல்கள் தூக்கி நிற்கின்றன. ஐந்தாவது படத்தில் வெள்ளைக் கழுத்தின்மேல் வெள்ளைத் தூவி ஒட்டிக்கிடந்ததால் தெரியாமல் போயிருக்கிறது.

மதகடி

ஒன்பதாவது படத்தைப் பார்த்தேன். என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன். மஞ்சள் விரல், பிடரியில் இரண்டு தூவி, கால் உதறுதல்: மூன்றும் சேர்ந்தால் சின்னக் கொக்கைத் தவிர வேறில்லை. கண்முன் தோலும் மங்கிய சாம்பல் மஞ்சளாகவே இருக்கிறது.

என் தவறு எங்கே நேர்ந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறருக்கு உதவும். ஜனவரியில் கறுப்பு அலகை நம்பக்கூடாது என்பது சரி. அதனாலேயே அது நடுத்தரக் கொக்காகத்தான் இருக்கும் என்று நான் தாவினேன்; அது சரியல்ல. மேலும், பிடரியில் தூவி ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படித்துவிட்டேன். ஓர் ஒற்றைப் படத்தில் தெரியாதது எதையும் இல்லாதது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

சேடைவயல் ஐயா, நீங்கள் சொன்ன முதலாவது சின்னக் கொக்கு. அசையாமல் நிற்பது பெரும்பாலும் பெரிய கொக்காகத்தான் இருக்கும். அடுத்த சேடையில் அதன் கடைவாயை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பறவை பார்ப்பவர் அல்ல என்று யாரிடமும் இனிமேல் சொல்லாதீர்கள்.

பாலாற்றங்கரை

கறுப்பு அலகு என்றால் சின்னக் கொக்கு என்று முதலில் சொன்னவன் நான் என்பதை மிகுந்த பணிவோடு நினைவூட்டுகிறேன்.

பொன்னையாறு

விடை சரி, வழி தவறு. கணக்கு வாத்தியார் பாதி மதிப்பெண்தான் போடுவார்.

தாழைக்கோழி

மூன்றாம் பறவையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதை உண்ணிக்கொக்கு என்று கொள்ளலாமா? உண்ணிக்கொக்கு 46 முதல் 56 செ.மீ.தான் இருக்கும், அலகு குட்டை, மஞ்சள், தாடைக்குக் கீழே இறகு முன்னோக்கி வந்து மோவாய் புடைத்தாற்போல இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகெல்லாம் காவி ஏறிவிடுமாதலால் அப்போது குழப்பமே இல்லை. நம் நாட்டில் இருப்பதைக் கீழை உண்ணிக்கொக்கு என்று தனி இனமாகவே இப்போது பலர் பிரிக்கிறார்கள்; அதன் அறிவியல் பெயரில் இருப்பது நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான்.

சேடைவயல்

படத்தில் அது தொடை வரை தண்ணீரில் நிற்கிறது. மாட்டுக்கும் ட்ராக்டருக்கும் பின்னால் வெட்டுக்கிளி பொறுக்குகிற உண்ணிக்கொக்கு, சேற்றில் நடக்கும், ஈர வரப்பில் நடக்கும். இத்தனை ஆழத்தில் இறங்கி மீனுக்குக் காத்து நின்று நான் பார்த்ததில்லை. பார்க்காததால் நடக்காது என்று சொல்லமாட்டேன். மதகடி ஐயா இப்போதுதான் சொல்லிக்கொடுத்தார்.

மதகடி

நன்றாகச் சொன்னீர்கள். 11 படங்களையும் பார்த்துவிட்டேன். மூன்றாவதன் மோவாய் எதிலும் தெளியவில்லை, கடைவாயும் தெரியவில்லை. முப்பது அடி பின்னால் இருப்பதால் சிறியதாகத் தெரிகிறது. எத்தனை சிறியது என்பதைச் சொல்ல அதன் பக்கத்தில் வேறு பறவை இல்லை. தண்ணீரில் நிற்பதை வைத்துப் பார்த்தால் இன்னொரு நடுத்தரக் கொக்காக இருக்கலாம்; கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும் பெரிய கொக்காகவும் இருக்கலாம். நான் பெயர் சொல்லமாட்டேன். பட்டியலில் இனம் பிரிக்காத வெண்கொக்கு என்று போட இடமிருக்கிறது, அங்கே போடுங்கள்.

பாலாற்றங்கரை

இத்தனை பேசியும் ஒன்றுக்குப் பெயர் இல்லையா?

பொன்னையாறு

இல்லைதான். அடுத்த முறை அது பறக்கும்வரை காத்திருந்து எடுங்கள் கழிஞ்சூரான். எழும்பும்போது கால் முழுவதும் வெளியே வரும்; சேறும் சற்று உதிரும். பாதம் மஞ்சளா கறுப்பா என்பது அந்த இரண்டு நொடியில் தெரிந்துவிடும். குந்தியிருந்தால் பழுப்பாகக் கிடக்கும் மடையான்கூட, எழும்பியதும் வெள்ளை இறக்கையைக் காட்டித் தன்னை இன்னதென்று சொல்லிவிடும்.

கழிஞ்சூரான்

அனைவருக்கும் நன்றி. பொன்னையாறு அம்மா பறப்பதைப் பற்றிச் சொன்னதும் வேறொரு குற்றவுணர்வு வந்துவிட்டது. அன்று மாலை திரும்பும் வழியில், நெடுஞ்சாலைக்கு மேலே வெள்ளைக் கொக்குகள் வரிசை பிடித்துக் கூட்டுக்குப் போயின. சாலையோரம் இருந்த பிள்ளைகள் “கொக்கே கொக்கே பூப்போடு” என்று விரல் நகத்தை மேலே காட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் வண்டியை நிறுத்தி எண்ணினேன்: 43. அலகு இருட்டில் கறுப்பாகத் தெரிந்ததால் எல்லாவற்றையும் சின்னக் கொக்கு என்று போட்டிருந்தேன். அந்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் எந்தக் கொக்கின் அலகுதான் கறுப்பாகத் தெரியாது?

பட்டியலைத் திருத்திவிட்டேன். நடுத்தரக் கொக்கு 1, சின்னக் கொக்கு 1, இனம் பிரிக்காத வெண்கொக்கு 44. சரிபார்க்கும் நண்பருக்கு இந்த இழையையும் அனுப்பினேன். நேற்று இரவு பதில் வந்தது. தண்ணீரில் நிற்பதை உண்ணிக்கொக்கு என்று போட்டிருந்ததைத்தான் தாம் தவறு என்று சொன்னதாகவும், ஒன்றாம் பறவையைத் தாமும் பெரிய கொக்கு என்றே ஏற்றுக்கொண்டிருந்ததாகவும், சென்ற ஆண்டு ஏற்றுக்கொண்ட காவேரிப்பாக்கம் படங்களை இப்போது மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.